சிப்பி ஓடு கானுக்கு, பீலிக்கு அல்ல

திம்புள்ளத் தோட்டக் குடிநீர்க் குழுவின் நிலைப்பாட்டு அறிக்கை

வீசியெறியும் சிப்பி, மட்டி ஓடுகளைக் கொண்டு தண்ணீரிலுள்ள ஈயம், கட்மியம், செம்பு போன்ற பார உலோகங்களை அகற்றலாம் என்ற பேச்சு கடற்கரையிலிருந்து மலைக்கும் ஏறிவந்துவிட்டது. தோட்டங்களில் இதைப் பொருத்தலாமா என்று எங்களிடமும் கேட்கிறார்கள். தேயிலைக்கு அடிக்கும் மருந்து கலக்கும் இடத்துக் கழிவுத் தண்ணீர் ஓடும் கானில் பொருத்திப் பார்க்கலாம். குடிதண்ணீர் பிடிக்கும் பீலியில் வேண்டாம்.

முறையில் பொய் இல்லை. ஓட்டில் நூற்றுக்கு 95 பங்களவு கல்சியம் காபனேற்று. நம் வீட்டுக் கிழவிகளின் வெற்றிலைச் சுண்ணாம்புக்கும் பூர்வீகம் அதுதான். அமிலத் தண்ணீர் மேலே ஓடும்போது ஓடு கொஞ்சம் கரைந்து புளிப்பை முறிக்கும். தண்ணீரில் கலந்திருந்த உலோகம் காபனேற்றாகவோ ஐதரொட்சைட்டாகவோ மாறி ஓட்டின்மேல் படியும். கட்மியம் பருமனில் கல்சியத்தோடு ஏறக்குறைய ஒத்தது. அதனால் கல்சியம் இருந்த இடத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீரில் மட்டி ஓடு ஒன்றைப் போட்டுவைத்தால் நாளடைவில் ஓட்டில் பச்சைப் பொருக்கு கட்டுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நியூசிலாந்தின் ஸ்டொக்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்து வடியும் அமில நீரை மட்டி ஓடு நிரப்பிய படுகைகளில் விட்டுச் சுத்தப்படுத்தியிருக்கிறார்கள்.

எங்கள் மலையில் உலோகம் எங்கிருந்து வருகிறது? 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்தது முதல் செம்பு கலந்த மருந்து அடிக்கிறோம். பீப்பாயில் கலக்குவது, டேங்கியைக் கழுவுவது எல்லாம் ஓர் ஓடையை ஒட்டித்தான். அந்தத் தண்ணீர் கானில் இறங்கி, ஓடையில் சேர்ந்து, கொத்மலை ஓயா வழியே தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. என்ன உலோகம் என்று தெரியும், அளவும் குறைவு, மறித்து நிறுத்த இடமும் உண்டு. சிப்பி ஓட்டுக்கு ஏற்ற வேலை இதுதான். கானின் முகப்பில் ஒரு தொட்டி கட்டி, உடைத்த ஓட்டை நிரப்பி, கழுவின தண்ணீரை அதில் தங்கவிட்டு அனுப்பினால் போதும்.

பீலியின் கதை வேறு. லயத்துப் பிள்ளைகளை வயிற்றோட்டத்தில் படுக்க வைப்பது பெரும்பாலும் கிருமி. சாதாரண ஓடு கிருமியைக் கொல்லாது. ஆசனிக்கையும் அது சரியாகப் பிடிக்காது. தமிழ்நாட்டில் இராணிப்பேட்டையின் நிலத்தடி நீரைக் கெடுத்த ஆறு இணைதிறன் குரோமியமும் அப்படித்தான்; இரண்டும் தண்ணீரில் பெரும்பாலும் எதிர்மின் ஏற்றத்தோடு திரிபவை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, ஒரு லீற்றரில் ஈயம் 10 மைக்ரோகிராம், கட்மியம் 3 மைக்ரோகிராம். இவ்வளவு சிறிய அளவு நாக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. பரிசோதிக்காமல் பொருத்தும் தொட்டி மனதுக்குத்தான் மருந்து. இன்னொரு பயமும் எங்களுக்கு உண்டு, மறைப்பானேன்: “சிப்பித் தொட்டிதான் கட்டித் தந்தாச்சே” என்று சொல்லிக் குழாய்த் தண்ணீரை இன்னும் பத்து வருஷம் தள்ளிப்போடுவார்கள். முதலில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஒவ்வொரு டிவிசன் பீலியையும் கிருமிக்கும் உலோகத்துக்கும் பரிசோதிக்கட்டும்.

ஒரு விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். உலோகம் குடித்த பழைய ஓடு பார்வைக்கு வெறும் சுண்ணாம்புத் தூள். கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் போடும் மண்ணில் இதையும் கொட்டிச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று யாருக்காவது தோன்றும். தேயிலை மண்ணின் அமில காரத்தன்மை (பி.எச்.) 4.5 முதல் 5.5 வரை. அந்தப் புளிப்பில் ஓடு கரையும், பிடித்துவைத்த உலோகம் மறுபடி வெளியே வரும். ஆகவே பழைய ஓடு தேயிலை மலைக்கோ காய்கறித் தோட்டத்துக்கோ போகக் கூடாது. அதை மூடிவைத்து அப்புறப்படுத்தும் பொறுப்பும் செலவும் கம்பனியுடையது. வெறுங்கையால் அள்ளும் வேலைக்கு எங்கள் பெண்களை அனுப்பவும் விடமாட்டோம்.

ஓடு எங்கிருந்து வந்தாலும் அது கழிவாகவே இருக்க வேண்டும். எங்கள் கானைச் சுத்தமாக்க யாரோ ஒருவருடைய களப்பில் உயிருள்ள மட்டியை வாரக் கூடாது. அம்பாந்தோட்டைக் கரையின் பழைய சிப்பிப் படிவுகளையும் தோண்டக் கூடாது. ஓட்டைச் சதை போகக் கழுவி, வெயிலில் உலர்த்தி அனுப்ப வேண்டும். ஈரத்தோடு வந்தால் அட்டனைத் தாண்டுமுன்னே லொறி நாறும்.

தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. ஒரு தோட்டத்தில், ஒரே ஒரு மருந்துக் கானில், ஒரு தென்மேற்குப் பருவமழை முழுக்க இதைச் செய்து பாருங்கள். தொட்டிக்குள் போகும் தண்ணீரிலும் வெளியே வரும் தண்ணீரிலும் செம்பு எவ்வளவு, அமில காரத்தன்மை எவ்வளவு என்று மாதாமாதம் அளந்து, அந்தக் கணக்கைத் தமிழில் எழுதி, ஆட்கள் காலையில் கூடும் பிரட்டுக்களத்தில் ஒட்டுங்கள்.