'நாய் இருக்கா தம்பி? அப்போ வீடு இல்ல!' - வாடகை வீட்டில் செல்லப்பிராணி... சட்டம் யார் பக்கம்?

தூத்துக்குடியில் வாடகைக்கு வீடு தேடிய அனுபவம் உண்டா உங்களுக்கு? பிரையண்ட் நகர், மில்லர்புரம், முத்தையாபுரம் என எந்தப் பக்கம் போனாலும் சரி, கேட்டில் தொங்கும் 'டூ-லெட்' போர்டைப் பார்த்து போன் அடித்தால், முதல் இரண்டு நிமிஷம் பேச்சு நல்லாத்தான் போகும். "எத்தனை பேரு தம்பி?", "எங்க வேலை?", "கரன்ட்டுக்குத் தனி மீட்டர்" என்றெல்லாம் பேசி முடித்த பிறகு, தயங்கித் தயங்கி, "அண்ணாச்சி, ஒரு நாய் வளக்குறோம்" என்று சொல்லிப் பாருங்கள். எதிர்முனையில் ஒரு சின்ன மௌனம். அப்புறம், "வீட்ல கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்பார். அந்த போன் திரும்ப வராது.

இது ஏதோ ஒரு நாய்ப் பிரியரின் சோகக்கதை என்று கடந்துபோக முடியாது. துறைமுகம், அனல்மின் நிலையம், உப்பளம் என்று இருந்த ஊர் இப்போது வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை திறக்கப்பட்டது. வேலைக்கு வரும் இளைஞர்கள் வாடகை வீட்டைத்தான் தேடுவார்கள். கோவில்பட்டிப் பக்கம் முற்றத்தில் கன்னி, சிப்பிப்பாறை நாய்களோடு வளர்ந்த பிள்ளைகள், இப்போது சுவரோடு சுவர் ஒட்டிய வளவு வீட்டிலோ, மூன்று பேர் சேர்ந்து எடுத்த பிளாட்டிலோ இருக்கிறார்கள். ஆசை அதேதான். இடம்தான் மாறிப்போச்சு.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் பலரும் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அசோசியேஷன் வேறு... ஹவுஸ் ஓனர் வேறு!

முதலில் அபார்ட்மென்ட் அசோசியேஷன். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதில் தெளிவாக இருக்கின்றன. குடியிருப்பில் பெரும்பான்மையானவர்கள் கை தூக்கினாலும்கூட, செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது என அசோசியேஷன் தடை போட முடியாது. லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. பொது இடத்தில் கயிறு கட்டிக் கூட்டிப்போங்கள், அசுத்தம் செய்தால் சுத்தம் செய்யுங்கள் என்று கேட்கலாம். அதுதான் எல்லை.

இது வழிகாட்டுதல்தானே, யார் மதிப்பார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் 2021-ல் கேரள உயர் நீதிமன்றமும் இதே நிலைப்பாட்டை எடுத்து, குடியிருப்போர் சங்கங்கள் போடும் இத்தகைய தடைகள் செல்லாது என்று தீர்ப்பு சொன்னது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும், பிரச்னை என்று வந்தால் எடுத்துக்காட்ட வலுவான ஆதாரம்.

அடுத்து ஹவுஸ் ஓனர். இங்கே கதையே வேறு. மேலே சொன்னதெல்லாம் சங்கங்களுக்குத்தான். தன் சொந்த வீட்டை யாருக்குக் கொடுப்பது, என்ன நிபந்தனையில் கொடுப்பது என்பது உரிமையாளர் முடிவு. 'நாய், பூனை வளர்க்கக் கூடாது' என்று அக்ரிமென்ட்டில் ஒரு வரி இருந்து, நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால், வாரியத்தின் சுற்றறிக்கையைக் காட்டி வாதாடுவது கஷ்டம்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் சட்டம், எல்லாவற்றையும் எழுத்துபூர்வமான ஒப்பந்தத்தில் கொண்டுவரச் சொல்கிறது. அதே சட்டத்தில், அக்கம்பக்கத்துக்குத் தொல்லை கொடுப்பது, கட்டடத்தைச் சேதப்படுத்துவது போன்ற காரியங்களை நோட்டீஸ் கொடுத்த பிறகும் தொடர்ந்தால், அது வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கான காரணம் ஆகலாம். ஆக, நாய் வளர்ப்பது குற்றமில்லை. ஆனால் ராத்திரி முழுக்க அது குரைத்து, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தூங்காமல் அழுதால், ஓனர் கையில் ஒரு காரணத்தை நீங்களே கொடுக்கிறீர்கள்.

ஓனர் ஆச்சியின் கணக்கு

கொஞ்சம் அந்தப் பக்கமும் நின்று பாருங்கள். பென்ஷனுக்குப் பதிலாக மாடி வீட்டு வாடகையை நம்பியிருக்கும் ஆச்சிக்கு, கதவு மரத்தில் நகக்கீறல் விழுந்தால் அது பெரிய செலவு. வளவு வீடு என்றால் தண்ணீர்த் தொட்டி பொது, முற்றம் பொது. நாலு வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் ஒரு நாய் கடித்துவிட்டால் ஊரே ஓனரிடம்தான் வந்து நிற்கும். அந்த பயம் பொய்யில்லை. வளர்ப்பவரின் அலட்சியத்தால் பிராணி யாருக்காவது ஆபத்து விளைவித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ கிடைக்கலாம். அந்தப் பொறுப்பு உங்களுடையது.

கடைசியில் தெருவுக்குப் போவது யார்?

'நாயா, வீடா' என்ற நிலை வரும்போது என்ன நடக்கிறது? ஓனர் வீட்டை இழப்பதில்லை. நீங்களும் எப்படியோ ஒரு வீடு பிடித்துவிடுவீர்கள். "ஊர்ல சொந்தக்காரங்க வீட்ல விட்டுட்டோம்" என்பார்கள் சிலர். சிலர் பைபாஸ் ஓரத்தில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். சோபாவில் தூங்கிப் பழகிய நாய்க்கு லாரி ஹாரன் தெரியாது, தெருநாய்களின் எல்லைச் சண்டையும் தெரியாது.

பசியும் தாகமும் வரும் சூழலில் ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! ரெண்டு டீ, ரெண்டு வடைக் காசு. 1960-ல் அது பெரிய தொகையாக இருந்திருக்கலாம். இன்று யாரை பயமுறுத்தும்?

இன்னொரு பக்கம், தெருநாய் விவகாரம் நாடு முழுக்கச் சூடாக இருக்கிறது. கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் உள்ளதையும் ஆக்ரோஷமானதையும் விடக் கூடாது என்று 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும் என்று நவம்பரில் மறுபடி உத்தரவு வந்தது. தெருவில் எண்ணிக்கையைக் குறைக்க அரசு ஒரு பக்கம் போராட, வாடகை வீடுகளின் பின்வாசல் வழியாக நாம் இன்னொரு பக்கம் கூட்டிக்கொண்டே போனால் எப்படி?

அப்போ என்ன செய்யலாம்?

* மறைக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஒளித்துவைத்து உள்ளே போனால், மாட்டும் நாளில் நாயோடு சேர்த்து உங்கள் நம்பகத்தன்மையும் போகும்.

* ஃபைல் ஒன்று தயார் செய்யுங்கள். ரேபிஸ் தடுப்பூசி அட்டை, கருத்தடைச் சான்று, முடிந்தால் பழைய ஓனரின் போன் நம்பர். "நேர்ல வந்து ஒரு தடவ பாருங்க அண்ணாச்சி" என்று கூப்பிடுங்கள். பார்க்காத நாய்மேல்தான் பயம் அதிகம்.

* பேசியதை எழுதுங்கள். என்ன பிராணி, எத்தனை, சேதமானால் யார் சரிசெய்வது என்று அக்ரிமென்ட்டில் ஒரு பத்தி போதும். அட்வான்ஸ் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது சட்டம். வேறு மாதிரி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அதுதான் நிற்கும். அதனால் படித்துவிட்டுப் போடுங்கள்.

* ரூம்மேட்கள் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். நைட் ஷிஃப்ட் போகும்போது யார் சோறு வைப்பது, ஒருவர் ரூமைக் காலி செய்தால் பூனை யாரோடு போகும்? இதை முதல் நாளே பேசிவிடுவது நல்லது.

* 'நாய்தானே பிரச்னை, கிளி வளக்கலாம்' என்று போகாதீர்கள். பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வீட்டில் வைத்திருந்தால் வனத்துறை கதவைத் தட்டும்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி, தூத்துக்குடி வெள்ளத்தில் தத்தளித்தது நினைவிருக்கிறதா? அப்படி ஒரு ராத்திரியில் கழுத்தளவுத் தண்ணீரில் வெளியேறும்போது, கூடவே தூக்கிக்கொண்டு போவீர்களா? 'ஆமா' என்று உடனே பதில் வந்தால், தாராளமாக வளருங்கள். வீடு மாறும்போதும் அதே பதில்தான் வர வேண்டும். அதில் தயக்கம் இருந்தால், அந்தக் குட்டியை இன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுவராமல் இருப்பதுதான் நீங்கள் அதற்குச் செய்யும் பெரிய உதவி.