வந்தவரை எங்கே உட்காரவைப்பது?

இன்று கொஞ்சம் சொந்தக் கதை, கூடவே கொஞ்சம் கோபம். கோபம் என் மேல்தான்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் விட்ட பாடத்தைப் பிடிக்க, 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. மல்லாங்கிணற்றில் நானும் ஒரு தன்னார்வலர். சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். ஒரு திண்ணை, பதினெட்டுப் பிள்ளைகள்.

2023 பிப்ரவரியில் நண்பனின் நண்பர் ஒருவர் ஜெர்மனியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் நான்கு நாள் தங்கினார். அப்போது வெளிநாட்டவர் வீட்டில் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் 'சி' படிவம் பதிய வேண்டியிருந்தது. லாட்ஜுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறோம். அதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். பிள்ளைகளிடம்தான் தப்பு செய்தேன்.

அவர் வருவதற்கு முன் இரண்டு நாள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு வரவேற்புப் பாட்டு பழக்கினேன். வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். அவர் கேட்டார்: "இதில் யார் பட்டாசு வேலைக்குப் போகிறார்கள்?" நானும் அப்படியே தமிழில் கேட்டுத் தொலைத்தேன்!

ஒரு ஐந்தாம் வகுப்புப் பெண் சொன்னாள்: "எங்கம்மாதாண்ணே போறாங்க. நான் ஏன் போகணும்?"

மறுநாள் குழாயடியில் அவள் அம்மா: "தம்பி, பிள்ளைகளப் படிக்கத்தான அனுப்புறோம், காட்டவா அனுப்புறோம்?"

அவரைக் குறை சொல்ல முடியாது. சிவகாசியில் குழந்தைத் தொழிலாளர் கொடுமை உண்மையாகவே இருந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது. அந்தக் கதை உலகம் சுற்றிவிட்டது. அம்மா மருந்து வேலைக்குப் போய்ப் பிள்ளையைப் படிக்கவைக்கும் கதை அவ்வளவு தூரம் போகவில்லை. அதைச் சொல்லவேண்டியவன் நான்தான். சொல்லவில்லை.

அன்று மாலை நாற்காலியை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். அவர் பாயில் உட்கார்ந்தார். இரண்டாம் வகுப்பு வாண்டு ஒன்று சிலேட்டில் 'அ' எழுதிக் கொடுத்தது. 'ழ' அவர் வாயில் நுழையவே இல்லை. ஒரே சிரிப்பு :-) நாலு மாதமாக வாயே திறக்காத ஒரு பையன், "நாக்க மடக்குங்கண்ணே" என்று சொல்லிக் கொடுத்தான்!

இரண்டு நாள் வருகிறவரால் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வந்துவிடாது. ஆனால் அவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, தனக்கும் தெரியும் என்ற தைரியம் வருகிறது. சிவகாசியின் தீப்பெட்டித் தொழிலே, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா போய் மாணவர்களாக உட்கார்ந்து கற்று வந்ததுதானே?

அவர் கிளம்பிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை ஐந்து மணிக்குத் திண்ணையில் நான் இருந்தாக வேண்டும். அதுதான் வாத்தியார் வேலை. விருந்தாளிக்குச் சோறு போடுங்கள், ஊரைக் காட்டுங்கள். பிள்ளைகளைக் காட்டாதீர்கள்.