கடன் நிவாரணமாகுமா?

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தது. மில் கதவு மூடியது. மில் தொழிலாளிக்குக் கூலி கேட்க ஒரு முதலாளியாவது இருந்தான். ஆட்டோ ஓட்டுபவர், வீட்டில் துணி தைப்பவர், கல்யாணத்தில் நாதஸ்வரம் வாசிப்பவர், படம் பிடிப்பவர் - இவர்கள் யாரிடம் போய்க் கேட்பது?

மத்திய சர்க்கார் என்ன செய்தது? தெருவோர வியாபாரிக்கு 10,000 ரூபாய் என்றது. உதவியாக அல்ல, கடனாக! ஓராண்டில் தவணை கட்டித் தீர்க்க வேண்டும். பழைய கடன்களின் தவணையை ஆகஸ்ட் 31 வரை தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை! ஜன்தன் கணக்குள்ள பெண்களுக்கு மாதம் 500 ரூபாய். அதுவும் மூன்றே மாதம்.

வேறு வழியே இல்லையா? முதலாளிகள் ஆளும் பிரிட்டனைப் பாருங்கள். அதே 2020-ல், தனித்துத் தொழில் செய்வோருக்குச் சராசரி லாபத்தில் 80 சதவிகிதத்தை, மூன்று மாதத்துக்கு 7,500 பவுன் வரை, மானியமாகக் கொடுத்தார்கள். திருப்பிக் கட்டும் பேச்சே இல்லை. புதிதாகத் தொழில் தொடங்கியவர்களை அங்கும் முதலில் கைவிட்டார்கள் என்பதும் உண்மை. அமெரிக்காவில் தனித்து உழைப்போருக்கும் வேலையில்லாக் கால உதவி கிடைத்தது. ஜூலை இறுதி வரை வாரம் 600 டாலர் கூடுதலாகவும் வந்தது.

வருமானம் நின்றவனுக்குக் கடன் கொடுப்பது, முழுகுபவன் தலையில் மூட்டை ஏற்றுவதாகும். நெருக்கடியில் வேண்டியது மானியம், கடன் அல்ல. தவணையோடு வட்டியும் நிற்க வேண்டும். இதுவே நமது கோரிக்கை.

தோழர்களே! இது யாருடைய பிரச்னையோ என்று இருந்துவிடாதீர்கள். மில் மூடினால், மழை பொய்த்தால், நாளை நாமும் தள்ளுவண்டிக்காரர்களே. தனித்து உழைப்பவரை நல வாரியத்தில் பதிய வைப்போம். அவருக்காக நமது சங்கமும் குரல் எழுப்பட்டும்!