75 சென்டிமீட்டர் கேட்கும் இரு குழந்தைகள்

பெங்களூருவில் ஒன்றரை, இரண்டு ஆண்டு இடைவெளியில் இரு குழந்தைகளைப் பெற்ற குடும்பங்களும் இரட்டையரைப் பெற்ற குடும்பங்களும் ஒரு கேள்வியில் சிக்கித் திணறுகின்றன: இரட்டை ஸ்ட்ரோலரில் எதை வாங்குவது? இரு இருக்கைகளும் அருகருகே அமைந்ததையா, ஒன்றன்பின் ஒன்றாக அமைந்ததையா? கடைக்காரர் இதைப் பணத்தின் கேள்வியாக்குகிறார். கூடுதல் விலை கொடுத்தால் எந்தச் சாலையிலும் ஓடும் வண்டி கிடைக்கும் என்கிறார். உறவினர் இதைப் பண்பாட்டின் கேள்வியாக்குகிறார். இடுப்பு இருக்க வண்டி எதற்கு என்கிறார். இருவரும் சேர்ந்து மறைப்பது ஒன்றைத்தான்: இது நகராட்சிப் பொறியியலின் கேள்வி. விடை சொல்ல வேண்டிய மாநகராட்சியோ கேள்வியைத் தாயின் தலையில் கட்டிவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறது.

வண்டியின் இயக்கத்தை முதலில் பார்க்கலாம். அருகருகே இருக்கை கொண்ட வகை ஏறத்தாழ 75 செ.மீ. அகலம் உடையது. இரு குழந்தைகளின் எடையும் பின்சக்கரங்களுக்கு நெருக்கமாக இருப்பதால், கைப்பிடியை அழுத்தினால் முன்சக்கரம் எளிதில் எழும்பும், வண்டி படியேறும். ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த வகையின் அகலம் 60 முதல் 65 செ.மீ. வரை, ஒற்றை வண்டி நுழையும் இடத்தில் அதுவும் நுழையும். ஆனால் முன்னிருக்கைக் குழந்தையின் எடை பின்சக்கரங்களிலிருந்து வெகுவாக விலகியிருப்பதால், முன்சக்கரத்தைத் தூக்கத் தள்ளுபவர் தம் உடல் முழுவதையும் கைப்பிடியில் சாய்க்க வேண்டும். இனி மல்லேசுவரத்தின் ஒரு குறுக்குத் தெருவையோ அல்சூரின் ஒரு சந்தையோ எண்ணிப் பாருங்கள். மழைநீர் வடிகாலின் மேல் கற்பலகைகளை அடுக்கியதுதான் அங்கே நடைபாதை. ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் கார் ஏறி இறங்கும் சரிவுக்காக அது அறுபடுகிறது. அடுத்த அடியில் மீண்டும் படியாக எழுகிறது. அறுபடாத இடத்தில் மின்மாற்றி நிற்கிறது, மரம் நிற்கிறது, கேபிள் சுருள் கிடக்கிறது, ஸ்கூட்டர் நிறுத்தப்பட்டிருக்கிறது. படியேறக்கூடிய வண்டி இடுக்கில் நுழையாது. இடுக்கில் நுழையக்கூடிய வண்டி படியேறாது.

இந்த முரணைப் பணத்தால் தீர்க்கலாம் என்பது வணிகப் பொய். காற்றடைத்த பெரிய சக்கரங்கள் அதிர்வைக் குறைக்கும், உண்மை. ஆனால் அவை வண்டியின் எடையைக் கூட்டும்; மடித்தாலும் ஆட்டோவின் இருக்கைக்குப் பின்னால் அடங்காது. சிற்றளவு வண்டி மட்டும் தீர்வாகிவிடுமா? ஆட்டோவில் ஏற்ற வண்டியை மடிக்க வேண்டும். மடிக்க இரு குழந்தைகளையும் இறக்க வேண்டும். வாகனங்கள் விரையும் சாலையோரத்தில் இறக்கிவிடப்பட்ட இரு குழந்தைகளைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை எங்கிருந்து வரும்? மாநகரப் பேருந்தின் உயரமான படிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 2023 ஜூன் முதல் கர்நாடகத்தில் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்துப் பயணம் இலவசம். பயணச்சீட்டை இலவசமாக்கிய அரசு, இரு குழந்தைகளுடன் வரும் பெண் அப்படிகளில் எப்படி ஏறுவாள் என்று கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அளவுகள் வகுக்கப்படவில்லை என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் பாதசாரி வசதிகளுக்காக 2012இல் வெளியிட்ட வழிகாட்டி, குடியிருப்புப் பகுதிகளில் தடையற்ற நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. உயரம் 150 மி.மீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. 1.8 மீட்டரில் இரு அகல வண்டிகள் எதிரெதிரே வந்து கடந்தாலும் 30 செ.மீ. மிஞ்சும். நல்ல சாலைகளும் நடைபாதைகளும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2019இல் கூறியது. பாதசாரிகளின் நடைபாதை உரிமையையும் அதே பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் உறுதிசெய்தது. செய்யும் திறன் இல்லை என்பதும் பொய்: ரெசிடென்சி சாலை, செயின்ட் மார்க்ஸ் சாலை, கன்னிங்காம் சாலை ஆகியவை டெண்டர்ஷூர் திட்டத்தின்கீழ்த் திருத்தி அமைக்கப்பட்டபோது அகன்ற, தொடர்ச்சியான நடைபாதைகள் இதே நகரில்தான் எழுந்தன. அலுவலகங்களும் உணவகங்களும் மிகுந்த சாலைகளுக்குக் கிடைத்த அந்த அகலம், குழந்தைகள் வாழும் தெருக்களுக்கு ஏன் பரவவில்லை? ஹெப்பாலிலிருந்து சில்க் போர்டு வரை பல்லாயிரம் கோடி ரூபாயில் சுரங்கச் சாலை திட்டமிடும் நகரம், பணமில்லை என்று சொல்லும் தகுதியை இழந்துவிடுகிறது.

“நம் பாட்டிமார் இடுப்பில் சுமக்கவில்லையா?” என்ற வாதத்துக்கு வருவோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவீட்டில் ஒரு வயதுக் குழந்தையின் நடுத்தர எடை ஏறத்தாழ 9 கிலோ. மூன்று வயதுக் குழந்தையுடையது 14 கிலோ. இருவரும் சேர்ந்தால் 23 கிலோ. பாட்டி இடுப்பில் வைத்தது ஒரு குழந்தையை. மற்றதை அத்தையோ மூத்த மகளோ பார்த்துக்கொண்டாள். அந்த மூத்த மகளின் பள்ளிப் படிப்பும் பல வீடுகளில் அதற்கே விலையாகப் போயிற்று. பிற பெண்களின் ஊதியமற்ற உழைப்பின்மேல் நின்ற ஓர் ஏற்பாட்டை மரபென்று போற்றி, அந்த உழைப்பு கிடைக்காத இன்றைய தாயைப் பார்த்துச் சோம்பேறி என்பது அறிவுக்கும் அறத்துக்கும் பொருந்தாது.

இரண்டாவது வாதம் முற்போக்கு வேடத்தில் வருகிறது: ஸ்ட்ரோலர் வசதி படைத்தோரின் பண்டம், அதற்காக நகரத்தை மாற்றுவதா? சக்கரத்துக்கு வர்க்கம் கிடையாது. 75 செ.மீ. வண்டி தடையின்றிச் செல்லும் வழியில் சக்கர நாற்காலி செல்லும், முதியவரின் நடைச்சட்டம் செல்லும், தண்ணீர்க் கேன் ஏற்றிய வண்டியும் செல்லும். கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1970களில் நடைபாதை முனைகளில் சரிவு வேண்டும் என்று போராடியவர்களுள் சக்கர நாற்காலியில் இயங்கிய பல்கலைக்கழக மாணவர்கள் முன்னின்றனர். அதன் பயனைக் குழந்தை வண்டி தள்ளுவோரும் சேர்ந்தே பெற்றனர். அதே தர்க்கம் இங்கும் செல்லும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தமிழில் தள்ளுவண்டி என்றதும் நினைவுக்கு வருவது காய்கறி வியாபாரியின் வண்டி. நடைபாதையைச் சீர்செய்வதாகச் சொல்லும்போதெல்லாம் முதலில் விரட்டப்படுவதும் அதுவே. 2014ஆம் ஆண்டின் சட்டம் தெருவியாபாரிகளின் பிழைப்புக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. நிறுத்தப்பட்ட கார் நடைபாதையை விழுங்குவதற்கு எந்தச் சட்டமும் பாதுகாப்பு அளிக்கவில்லை. குழந்தையின் தள்ளுவண்டியைக் காட்டி வியாபாரியின் தள்ளுவண்டியை அகற்றும் அரசியலுக்குத் தாய்மார் சாட்சியாக நிற்கக்கூடாது.

இன்றைய பெங்களூருவில் இரட்டை ஸ்ட்ரோலர் தடையின்றி ஓடும் இடங்கள் சிலவே: மால்கள், மதில் சூழ்ந்த அடுக்ககங்கள், லால்பாக் போன்ற பூங்காக்களின் உட்பாதைகள். நம்ம மெட்ரோ நிலையத்தில் மின்தூக்கி உண்டு; நிலைய வாசலைக் கடந்தபின் பல இடங்களில் பாதை இல்லை. அடுக்ககத்தின் உள்வட்டச் சாலையில் வண்டியைத் தள்ளுபவர் பெரும்பாலும் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஆயா. மதிலுக்கு வெளியே, அதே உடைந்த கற்பலகைகளின்மீது தம் குழந்தையை இடுப்பில் சுமந்து வீடு திரும்புபவரும் அவரே. தனியார் மதிலுக்குள் வாங்கப்படும் சமதளம் அவருக்கு எதையும் தருவதில்லை.

கல்விப்புலம் இதில் பார்வையாளர் வேடம் பூணமுடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் ஆய்வு மாணவியருக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள்கள் வரை அனுமதிக்கின்றன. முழு ஆய்வுக்காலத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான். இரண்டாம் குழந்தை பிறக்கும்போது விடுப்பும் மிஞ்சவில்லை, நூலகத்தின் வாயிலில் சரிவுத்தளமும் இல்லை என்றால், அந்த ஆய்வேடு தாமதமாவதற்கு அவளுடைய உழைப்பின் குறை காரணமாகாது. நகரத்தில் நடமாடும் உரிமை பற்றிக் கருத்தரங்கு நடத்தும் துறைகள், தம் கட்டடத்தின் முதல் படியை அளந்து பார்க்கட்டும்.

2025 செப்டம்பரில் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. ஐந்துக்கும் ஒரே கோரிக்கை. நடைபாதைப் பணிக்கான பில்லில் கையொப்பமிடும் முன், பொறுப்புப் பொறியாளர் ஓர் இரட்டை ஸ்ட்ரோலரில் 9 கிலோ, 14 கிலோ மணல் மூட்டைகளை வைத்து, தனியாக, சாலையில் இறங்காமல், ஒரு கிலோமீட்டர் தள்ளிக் காட்ட வேண்டும். அருகருகே அமைந்த வகையில் ஒருமுறை, ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த வகையில் ஒருமுறை. தள்ள முடியாவிட்டால் ஒப்பந்ததாரருக்குப் பணம் இல்லை.

அத்தேர்வில் தெருக்கள் தேறும் நாளில், எந்த வண்டியை வாங்குவது என்பது வீட்டு வாயிலின் அகலத்தையும், கைக்குழந்தை மல்லாந்து படுக்க இருக்கை முழுதாகச் சாய்கிறதா என்பதையும் பார்த்து ஐந்து நிமிடத்தில் முடிவுசெய்யக்கூடிய சிறு கேள்வியாகிவிடும். அது அவ்வளவு சிறியதாக இருப்பதே நியாயம்.