தேக்காவை ஒரு 'மேப்' ஆக்கினால்? ரசிகர்கள் உருவாக்கும் கேம் உலகில் எங்கே கோடு போடுவது?

கௌன்டர்-ஸ்டிரைக் மாதிரி ஒரு துப்பாக்கி கேமுக்கு லிட்டில் இந்தியா அருமையான மேப். யோசித்துப் பாருங்கள். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் குறுகிய தெருக்கள். கடைவீடுகளின் தூண்களுக்குப் பின்னால் மறைந்து மறைந்து நகர ஐந்தடிப் பாதை. ஒரு பக்கம் தேக்கா நிலையம், அதை ஒட்டி வீவக புளோக்குகள். மேலிருந்து குறிபார்க்க ஒருவர், கீழே ஓட நால்வர்.

ஆனா அதே மேப்பில் வேறு சில கட்டடங்களும் வரும். சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயமும் அங்கூலியா பள்ளிவாசலும் இருக்கின்றன. டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல். அவற்றை மேப்பில் வைக்கலாமா? வைத்தால், உள்ளே போய்ச் சுட விடலாமா?

சும்மா கற்பனைக் கேள்வி இல்லை இது.

சிங்கப்பூரில் என்ன நடந்தது?

18 வயது மாணவர் ஒருவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்துவைக்கப்பட்டதாக 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. நியூஸிலந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2019 மார்ச் 15ஆம் தேதி இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவனை அவர் நாயகனாகப் பார்த்தார். கேமை மாற்றியமைக்கும் 'மோட்' மூலம், அந்தக் கொலைகாரனாகவே நடித்து, அல் நூர் பள்ளிவாசலில் இருப்போரைக் கொல்வதுபோல் விளையாடியிருக்கிறார்.

அதற்கு முன்பு, 2023 பிப்ரவரியில் இன்னொரு சம்பவம் வெளிவந்தது. 16 வயது மாணவர் ஒருவர் ரோபுளோக்ஸ் தளத்தில் ஐஎஸ் பாணி சர்வர்களில் சேர்ந்திருந்தார். சிரியா, தென் பிலிப்பீன்ஸின் மராவி நகரம் ஆகிய நிஜப் போர்க்களங்களைப் போலவே அமைக்கப்பட்ட உலகங்கள் அவை. கேமுக்குள் இருந்த 'தலைவரிடம்' விசுவாசப் பிரமாணம் எடுத்தார். கேம் காட்சிகளை வெட்டி ஒட்டிப் பிரசாரக் காணொளிகளும் செய்தார்.

அப்போ மேப் செய்வதே ஆபத்தா?

இல்லை. இந்த வகை கேம்களின் வரலாறே ரசிகர்களால் எழுதப்பட்டது. கௌன்டர்-ஸ்டிரைக் முதலில் ஒரு ரசிகர் மோட்தான். ஹாஃப்-லைஃப் கேமை வைத்து மின் லீ, ஜெஸ் கிளிஃப் இருவரும் 1999இல் வெளியிட்டார்கள். வால்வ் நிறுவனம் அதைப் பிறகுதான் வாங்கியது. உலகம் முழுக்க விளையாடப்பட்ட 'டஸ்ட்' மேப்பை உருவாக்கிய டேவ் ஜான்ஸ்டன் அப்போது பதின்ம வயதில் இருந்தார்.

மேப்பைப் பார்த்ததும் பதறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கு. 2007இல், வர்ஜீனியா டெக் துப்பாக்கிச்சூடு நடந்த சில வாரங்களில், டெக்சஸில் ஒரு மாணவர் தன் பள்ளிக்கூடத்தையே கௌன்டர்-ஸ்டிரைக் மேப்பாக வடிவமைத்திருந்தது தெரியவந்தது. அவர் அறையில் கிடைத்த 'ஆயுதம்' ஒரு சுத்தியல். வழக்கு எதுவும் பதிவாகவில்லை. இருந்தும் அவரை மாற்றுக் கல்வி நிலையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பழக்கமான இடத்தைத் தானே வரைவோம்?

சுவர், கதவு, படிக்கட்டு ஆகியவை மேப்பின் ஒரு பாதிதான். யார் எந்த இடத்திலிருந்து தொடங்குவது, யார் கையில் துப்பாக்கி, யாரைச் சுட்டால் புள்ளி என்ற விதிகள் மறுபாதி. கௌன்டர்-ஸ்டிரைக்கில் இரு தரப்பிடமும் ஆயுதம் உண்டு. கிறைஸ்ட்சர்ச் காட்சியில் ஒரு பக்கம் துப்பாக்கி, மறுபக்கம் தொழுகைக்கு வந்தவர்கள். அதே கட்டடத்தில் கண்ணாமூச்சி விளையாடினால் யாரும் கவலைப்படப் போவதில்லை. அதனால் 'இது எந்த இடம்?' என்பதைவிட 'இதில் யாரைக் கொல்லச் சொல்கிறார்கள்?' என்று கேட்பதுதான் சரி.

இன்னொன்றையும் கவனிக்கணும். 18 வயது இளையர் விஷயத்தில் தொடக்கம் கேம் அல்ல. 2023இலேயே சமூக ஊடகத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான, தீவிர வலதுசாரிப் பதிவுகள் அவர் கண்ணில் பட்டுவிட்டன. கேம்தான் பிள்ளையைக் கெடுத்தது என்று வீட்டில் சொல்வார்கள். இந்தச் சம்பவம் காட்டுவது வேறு: வெறுப்பு முதலில் வந்தது, அதற்கு ஒத்திகைமேடையாக மோட் கிடைத்தது.

யார் சரிபார்க்கிறார்கள்?

இங்கேதான் ஓட்டை. சிங்கப்பூரில் கேம்களுக்கு வயதுத் தரம் உண்டு. 16 வயது ஆலோசனை, எம்18 என்ற முத்திரைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த முத்திரை நிறுவனம் வெளியிடும் கேமுக்கு. பிறகு யாரோ ஒருவர் தன் அறையிலிருந்து ஏற்றும் மேப்புக்கு எந்த முத்திரையும் இல்லை. தேடிப் போகவேண்டிய அவசியம்கூட இல்லை. பல கேம்களில் ரசிகர் சர்வருக்குள் நுழைந்தால் மேப் தானாகவே இறங்கிவிடும்.

இணையப் பாதுகாப்பு நடைமுறை விதிகள் 2023 ஜூலையில் நடப்புக்கு வந்தபோது ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக், யூடியூப், எக்ஸ், ஹார்ட்வேர்ஸோன் ஆகிய ஆறு தளங்களுக்கு அவை பொருந்தின. 2025 மார்ச் 31ஆம் தேதி முதல் ஆப்பிள், கூகல் உள்ளிட்ட ஐந்து செயலிக் கடைகளுக்கும் தனி விதிகள் வந்தன. ஸ்டீம், ரோபுளோக்ஸ், டிஸ்கார்ட் ஆகிய மூன்றின் பெயரும் அந்த இரு பட்டியல்களில் இல்லை. இளையர்கள் மணிக்கணக்கில் இருப்பது அங்கேதானே!

நியூஸிலந்து தடை வழியில் போனது. தாக்குதலைக் கொண்டாடிய ஒரு கேமை 2019 அக்டோபரிலேயே அதன் தணிக்கை அதிகாரி தடைசெய்தார். கடையில் விற்கும் கேமுக்கு இது சரி. நகல் எடுத்துப் பெயர் மாற்றி ஏற்றக்கூடிய ஒரு மோட்டைத் தடைப் பட்டியலால் மட்டும் துரத்திப் பிடிக்க முடியாது.

சரி, தேக்கா மேப்பில் கோயிலும் பள்ளிவாசலும்?

பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. மான்செஸ்டர் தேவாலயத்துக்குள் துப்பாக்கிச் சண்டையைக் காட்டியதற்காக சோனி 2007இல் மன்னிப்புக் கேட்டது. 2012இல் கால் ஆஃப் டியூட்டியின் 'ஃபவேலா' மேப் சிறிது காலம் அகற்றப்பட்டது. காரணம், குளியலறையில் மாட்டியிருந்த படச்சட்டத்தில் இருந்த நபிமொழி. வடிவமைத்தவருக்கு அது வெறும் அலங்காரம். படிக்கத் தெரிந்தவருக்கு அப்படி இல்லை.

என் கணிப்பில், கோபுரமும் மினாராவும் இல்லாத லிட்டில் இந்தியா லிட்டில் இந்தியாவே இல்லை. வையுங்கள். ஆனால் கதவைப் பூட்டி, வெளிப்புறத்தோடு நிறுத்துங்கள். மேப் உருவாக்குபவருக்கு அது ஐந்து நிமிட வேலை.

நண்பர் யாராவது நிஜக் கொலைகாரரின் பெயரில் விளையாடினாலோ, கேமுக்கு வெளியேயும் அந்த 'அணி' பற்றியே பேசினாலோ, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையை 1800-2626-473 என்ற எண்ணில் அழைக்கலாம். சொன்னால் அவனைச் சிறையில் போட்டுவிடுவார்களே என்ற தயக்கம் பலருக்கு வரும். ரோபுளோக்ஸ் சம்பவத்தில் அந்த 16 வயது மாணவர் தடுத்துவைக்கப்படவில்லை. கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது, மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்.