மாத்திரையைக் கூட்டும் முன் காபியை விசாரியுங்கள்!

தைராய்டு சுரப்புக் குறைவுக்காகத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவரா நீங்கள்? ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். எகிறியிருந்தால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 50 மைக்ரோகிராம் மாத்திரை 75 ஆகும். அடுத்த முறை 100. ‘ஒரு நாள்கூட விடாமத்தானே சாப்பிடறேன், எனக்கு மட்டும் ஏன் அடங்க மாட்டேங்குது?’ என்ற கவலை வேறு. என்னைக் கேட்டால், டோஸைக் கூட்டுவதற்கு முன்னால் அந்த மாத்திரை எப்படி, எதனோடு உள்ளே போகிறது என்பதை விசாரித்துவிட வேண்டும்.

டி.எஸ்.எச். என்பது பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை அதட்டி வேலை வாங்கும் குரல். ரத்தத்தில் தைராக்சின் குறைந்தால் அதட்டல் கூடும். அது நீங்கள் மாத்திரையை மறந்ததாலா, விழுங்கியது குடலில் சேராததாலா, டோஸே போதாததாலா என்பதை ரிப்போர்ட் சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பல் தேய்த்ததும் மாத்திரை, கையோடு ஒரு டம்ளர் காபி. நம் வீடுகளில் இதுதானே வழக்கம்? அந்தக் காபியே மருந்தைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மாத்திரையைப் போடுங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி, டிபன். ‘காபி இல்லாம முடியாதுங்க’ என்பவர்கள், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, ராத்திரிச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் போடலாம்.

கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சித்த மருத்துவன் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நாங்கள் தரும் சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம், பவள பற்பம் எல்லாம் சுண்ணாம்புச் சத்துதான். அன்னபேதிச் செந்தூரமும் அயக்காந்தச் செந்தூரமும் இரும்புதான். சித்த மருந்துக் கடையில் வாங்கியதாலேயே இரும்பு வேறு பொருளாகிவிடாது. அந்த 4 மணி நேரக் கணக்கு இவற்றுக்கும் உண்டு. அமுக்கரா சூரணமோ சிலருக்குத் தைராய்டு ஹார்மோன் அளவைக் கூட்டிவிடும். அப்போது ரிப்போர்ட் எதிர்ப்பக்கம் சாயும்.

‘இங்கிலீஷ் டாக்டர் திட்டுவார்னு சூரணம் சாப்பிடறதைச் சொல்லலை’ என்கிறவர்கள் நிறைய. சித்த வைத்தியரிடமும் தைராய்டு மாத்திரையைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஒளிப்பதில் யாருக்கு லாபம்? கேட்காமலே மருந்து கொடுக்கும் எங்களவர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. ‘அந்த மாத்திரையைத் தூக்கிப் போடு, நான் பார்த்துக்கறேன்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆபரேஷனில் சுரப்பியையே எடுத்துவிட்டவருக்கு எந்தச் சூரணமும் தைராக்சினைச் சுரந்து தராது.

சில சமயம் ரிப்போர்ட்டே ஏமாற்றும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில பரிசோதனை முறைகளில் அது டி.எஸ்.எச்.ஐக் குறைவாகவும், டி4ஐக் கூடுதலாகவும் பொய்யாகக் காட்டும். டாக்டரிடம் சொல்லி, ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள். அன்று காலை மாத்திரையையும் ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள்.

இன்னொரு ரகம், பரீட்சைக்கு முதல் நாள் படிக்கிற மாதிரி. மாதக்கணக்கில் விட்டு விட்டுச் சாப்பிட்டு, பரிசோதனைக்கு முந்தின சில நாள் மட்டும் ஒழுங்காகப் போடுவது. டி4 சரியாக இருக்கும்; டி.எஸ்.எச். உச்சத்தில் நிற்கும். அது நிதானமாக இறங்கி வர 6 வாரமாவது ஆகும். டோஸ் மாற்றினாலும், மாத்திரையின் பிராண்ட் மாறினாலும் 6 முதல் 8 வாரம் கழித்துப் பார்ப்பதுதான் முறை. கர்ப்பிணிகள் மட்டும் காத்திருக்கக் கூடாது. நாள் தள்ளிப்போனது உறுதியானதும் டாக்டரிடம் ஓடுங்கள். டோஸ் கூட வேண்டியிருக்கும்.

‘கூடுதலா சாப்பிட்டா என்ன ஆயிடும்?’ என்று அலட்சியம் வேண்டாம். காபியால் வீணான மருந்துக்கு ஈடாக டோஸ் ஏறுகிறது. ஒரு நாள் நீங்களே பழக்கத்தை மாற்றுகிறீர்கள். அத்தனை மருந்தும் ரத்தத்தில் சேர்கிறது. படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும்.

அடுத்த முறை போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை, டானிக், சூரணம், பற்பம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். காலையில் எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குக் காபி என்பதையும் சொல்லுங்கள். டோஸைப் பற்றி அதற்கப்புறம் அவர் முடிவு செய்யட்டும்.