மதுரை எழுப்பிய வினா



அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா, கார்த்தேஜ் ஆகிய பண்டைத் திருச்சபைகள் கிறிஸ்தவச் சிந்தனைக்கு உருக்கொடுத்தன என்று படிக்கிறோம். நமது மதுரை மண்ணின் இளந்திருச்சபையும் உலகத் திருச்சபையைச் சிந்திக்க வைத்தது என்பதை நம்மில் எத்துணைபேர் அறிவோம்?

1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த சேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்துவை ஏற்பவர் பறங்கியராக மாற வேண்டியதில்லை எனக் கண்டார். காவியுடுத்தார்; புலால் நீக்கினார்; தமிழும் வடமொழியும் கற்றார். 'ஞானோபதேச காண்டம்' முதலிய நூல்களை உரைநடையில் யாத்துத் தத்துவ போதகர் எனப் பெயர் பெற்றார். குடுமியும் பூணூலும் சந்தனமும் குல வழக்கமா, பிறசமய வழிபாடா? மதுரையில் எழுந்த இவ்வினா கோவாவில் வாதிக்கப்பட்டு உரோமையை எட்டியது. 1623 சனவரி 31-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார், மூடநம்பிக்கை கலவாதிருக்கும் நிபந்தனையுடன் அவற்றை அனுமதித்தார். அயல்நாட்டு வழக்கங்களைச் சுமந்து செல்லாதீர், விசுவாசத்தையே கொண்டு செல்வீர் என்று கீழ்த்திசை சென்ற ஆயர்களுக்கு உரோமை 1659-இல் அறிவுறுத்தியதும், 1965-இல் வத்திக்கான் சங்கத்தின் மறைபரப்புப் பணி விதித்தொகுப்பு மொழிந்ததும் இந்நெறியே.

ஆனால் கிரகோரியாரின் மடலில் நாம் அதிகம் பேசாத பகுதி ஒன்றுண்டு. உயர்குலப் பெருமை பாராட்டுவோர் எளியோரை இகழலாகாது, அதிலும் ஆலயத்தில் இறைவார்த்தை கேட்கும்போதும் அருட்சாதனங்கள் பெறும்போதும் ஒதுக்கலாகாது என்று அவர் மன்றாடினார். பூணூலுக்குக் கிடைத்த அனுமதி நடைமுறைக்கு வந்தது. இந்த மன்றாட்டோ ஏட்டிலேயே நின்றது. பிற்படக் கருதப்பட்ட குலத்தார்க்கெனப் பண்டாரசாமிகள் தோன்றியது அன்பினால்தான். ஆயினும் குலத்துக்கொரு குரு என்ற பிளவு அதனால் மறையவில்லை.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் நம் மக்கள் அருகருகே அமர்ந்து வேலை செய்கின்றனர். மருந்தில் பொறி பட்டால் நெருப்பு எவர் குலத்தையும் கேட்பதில்லை. ஒரே அறையில் கருகிய உடல்களை நாம் எப்படி அடக்கம் செய்யப்போகிறோம்? தமிழகத்தில் சில பங்குகளில் கல்லறைத் தோட்டத்திலும் குலம் பார்ப்பது இன்னும் ஒழிந்தபாடில்லை. அங்கே பண்பாடு என்ற சொல் அநீதிக்குப் போர்வையாகிவிடுகிறது.

எது பண்பாடு, எது பாவம் என்று பிரித்தறிவதே மதுரை எழுப்பிய வினாவின் உயிர். முதற்பாதிக்கு நொபிலியார் விடை தேடினார். மறுபாதிக்கு விடை தரவேண்டியவர் நாம். நம் பங்கின் கல்லறையிலிருந்தே அதைத் தொடங்குவோமாக.